எண் வரிசைகள்: மூன்று மரபுகளும் ஓர் உரைகல்லும்

முழு எண்களை வரிசைப்படுத்தி அவற்றில் ஒழுங்கைத் தேடுவது எண்கணிதத்தின் பழைய வழக்கம். அதில் மூன்று மரபுகளைக் காணலாம்: எண்ணுவோர், அட்டவணை இடுவோர், நிறுவுவோர்.

எண்ணுவோர் மரபு வடமொழி யாப்பில் வளர்ந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு எனக் கொண்டால், நான்கு மாத்திரை அடி ஐந்து வகை, ஐந்து மாத்திரை அடி எட்டு வகை. முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையே அடுத்தது என்ற விதியை விரஹாங்கரும், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் சொல்லிவிட்டனர். முயல் கணக்காக இதே வரிசையை இத்தாலியின் ஃபிபனாச்சி எழுதியது 1202இல்.

அட்டவணை மரபில் மக்மஹோன் முன்னோடி. 4ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதமாகப் பிரிக்கலாம். இத்தகைய பிரிவினைகளின் எண்ணிக்கையை அவர் 200 வரை கணக்கிட்டார். 200க்கு விடை 39,72,99,90,29,388. அந்தப் பட்டியலில் 4, 9, 14, 19க்கு நேரே நிற்கும் 5, 30, 135, 490 ஆகியவை ஐந்தின் மடங்குகள். இந்த ஒழுங்கு என்றும் தொடரும் என்பதை, நிறுவுவோர் மரபில் நின்று, ராமானுஜன் 1919இல் நிறுவினார். ஏழுக்கும் அப்படியே ஒரு விதி தந்தார்.

ஆனால் 5, 7, 11 ஆகியவற்றின் அடுக்குகளுக்கு அவர் ஊகித்த பொதுவிதி முழுதும் நிற்கவில்லை. ஹன்ஸ்ராஜ் குப்தா பட்டியலை 300 வரை நீட்டினார். அதைக் கொண்டு, அந்த ஊகத்தின்படி ஏழின் முப்படியான 343ஆல் வகுபட வேண்டிய, 243க்கு உரிய எண் அப்படி வகுபடவில்லை என்று 1934இல் சௌலா காட்டினார். ஏழுக்கான திருத்திய விதியை வாட்சன் 1938இல் நிறுவினார்.

உரைகல் இதுதான்: எத்தனை உறுப்புகள் ஒத்துவந்தாலும் நிரூபணமே தீர்ப்பு. 3, 5, 17, 257, 65537 பகா எண்கள்; ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். இந்த வரிசை முழுதும் அப்படியே இருக்கும் என்று ஃபெர்மா நம்பினார். அடுத்து வரும் 4294967297ஐ 641 வகுக்கும் என்று ஆய்லர் 1732இல் கண்டார்.

நிரூபணத்தோடும் எல்லோரும் நிறைவடைவதில்லை. பிரிவினைகளின் எண்ணிக்கை ஐந்தால் வகுபடுகிறது சரி, அந்தப் பிரிவினைகளை ஐந்து சம குழுக்களாக்கிக் காட்டு என்றார் டைசன், 1944இல். அவர் முன்வைத்த அளவுகோல் 5க்கும் 7க்கும் பொருந்தியது, 11க்குப் பொருந்தவில்லை. மூன்றுக்கும் பொருந்துவதை ஆண்ட்ரூஸும் கார்வனும் 1988இல் தந்தனர்.

மாணவர்களே, ஒரு வரிசையைக் கண்டால் முதலில் கையால் பத்து உறுப்புகளைக் கணக்கிடுங்கள். ஒழுங்கு தெரிந்தால் மகிழுங்கள். நிறுவும்வரை அதை விதி என்று சொல்லாதீர்கள்.