வெள்ளை டாப்பில் மஞ்சள் கறை

பழைய கார் ஒன்று வந்து நின்றால் எல்லோரும் கிரில்லைப் பார்ப்பார்கள், சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் டாப்பைப் பார்ப்பேன். அதுவும் மடித்துப் பின்னால் தள்ளுகிற வெள்ளை வினைல் டாப் என்றால், தையல் ஓரம்வரை குனிந்து பார்க்காமல் விடமாட்டேன். வண்டிக்காரர் பொறுமைசாலியா, அவசரக்காரரா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961இல் கொண்டுவந்த ஹெரால்டு இதற்கென்றே பிறந்த கார். இத்தாலியரான மிக்கேலோட்டி வரைந்த உடல், கீழே தனி சேஸிஸ். இரும்புக் கூரை வெறும் போல்ட்டில் நிற்பதால், அதைக் கழற்றிவிட்டு ரெக்சின் டாப் போட்டுக்கொள்ளலாம், வண்டி குலையாது. அந்தத் தையலுக்கு எங்கள் ஊரான மொரப்பூர்க்காரர் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஜீப்புக்கும் ஆட்டோவுக்கும் டாப் தைக்கிற குஷன் கடைக்காரர் அளவெடுத்துத் தைத்துவிடுவார்.

கறுப்பு போட்டால் கவலை இல்லை. வெள்ளை போடுகிறவருக்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி இருக்கிறது, புளியமரத்தடியில் நிறுத்தினால் காக்கை எச்சம் இருக்கிறது, நாவல் பழக் காலம் வேறு வரும். இத்தனையையும் தாங்கிவிடும் டாப், ஆயுத பூஜையன்று பாசத்தோடு வைக்கிற மஞ்சள் பொட்டில் தோற்றுப்போகும்.

மறுநாள் காலை சோப்பு நுரை பட்டதும் மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பாகும். அதைப் பார்த்துப் பதறி இன்னும் அழுத்தித் தேய்ப்பவர்கள்தான் அதிகம். சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவக்கும் என்பது வெள்ளை வேட்டி துவைத்த எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதி. நல்ல தண்ணீரில் அலசிவிட்டால் சிவப்பு இறங்கிப் பழைய மஞ்சள் திரும்பும். மிச்சம் நிற்கிற அந்த மஞ்சளில்தான் கலை ஆரம்பிக்கிறது.

டாப்பின் வினைல் என்பது பி.வி.சி.தான். அது இயல்பில் விறைப்பான சரக்கு. தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். அதில் எண்ணெய் போன்ற இளக்கியைக் கலந்து துணிபோல வளைய வைத்தவர் குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ சீமன், 1926இல். அந்தப் பி.வி.சி. நமக்கு அடுத்த மேட்டூரிலேயே 1967 முதல் தயாராகிறது. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே அது டாப்பின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே இறங்கி இளக்கியோடு கலந்துவிட்டது. பிரஷ் அங்கே போகாது. தின்னர் போகும். போய், கறையோடு இளக்கியையும் இழுத்துக்கொண்டு வரும். அன்று மாலை டாப் பளிச்சென்று இருக்கும். கொஞ்ச காலம் போனால் மடிப்புக்கு மடிப்பு வெடித்திருக்கும்.

தெரிந்தவர் என்ன செய்வார்? வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போவார். மஞ்சளின் நிறம் வெயிலில் உடைந்து வெளுக்கும். வருஷம் முழுக்க எந்த வெயிலுக்குப் பயந்து டாப்புக்கு உறை போட்டாரோ, அதே வெயிலைச் சில நாளுக்கு மட்டும் வேலைக்கு வைத்துக்கொள்கிற அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மற்ற கறைகளுக்கு நிழல்தான். வெயிலில் கழுவினால் நுரை காய்ந்து புதுக் கறையாகிவிடும். மேலிருந்து கீழே நனைத்து, கார் ஷாம்பூவைக் கரைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு முழத் துண்டு, அலசல், அடுத்த முழம். வினைலில் தோல்போல அச்சடித்த வரிகள் இருக்கின்றனவே, அந்தப் பள்ளங்களில்தான் அழுக்கு. வட்டமாகச் சுற்றினால் பிரஷ்ஷின் முடி அதற்குள் இறங்கி, செம்மண் நிறத்தில் நுரை கிளம்பும். அந்த நுரை வெள்ளையாக வருகிறவரை கை நிற்கக் கூடாது. பின்பக்கத்துப் பிளாஸ்டிக் கண்ணாடியில் மட்டும் பிரஷ் படக் கூடாது; தண்ணீர் ஊற்றி, நனைந்த மெல்லிய துணி போதும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். வினைல் தப்பினாலும் தையல் நூல் தப்பாது.

நாம் தோற்றுப்போக வேண்டிய கறையும் உண்டு. சில டாப்புகளில் இளஞ்சிவப்பாகத் திட்டுத் திட்டாகப் படரும். மேலே எதுவும் சிந்தியிருக்காது. அடியிலுள்ள ஈரத் துணியில் நுண்ணுயிர்கள் குடியேறி, அவற்றின் சாயம் இளக்கி வழியாக மேலே ஏறி வந்திருக்கும். அதைத் தேய்க்கிறவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஈரம் காயாமல் டாப்பை மடித்ததற்கான தண்டனை அது. புது டாப் தைப்பதுதான் வழி.

இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் சிலிகான் ஸ்பிரே அடித்துப் பளபளக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணெய் மினுக்கு ஆகாது. வெள்ளை வினைல் சற்று மங்கலாக, சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருப்பதுதான் அழகு. மினுக்கு வேண்டுமென்பவர் அடித்துக்கொள்ளட்டும். மொரப்பூரிலிருந்து அரூர் வரை ஒருமுறை போய் வந்தால் வழிப் புழுதி மொத்தமும் அந்தப் பிசுக்கில்தான் இருக்கும்.