விண்வெளி ஆட்டத்தில் காவலும் ஒறுத்தலும்

பலர் ஒருங்குகூடி ஆடும் இணையவழி விண்வெளி ஆட்டங்களில், ஒருவரை அவர்தம் இசைவின்றி மற்றொருவர் தாக்கலாமோ என்பது நெடுங்காலமாக வழக்கிடப்பெறும் வினாவாகும். தாக்குதல் வேண்டும் என்பார், இடரில்லாத உலகில் ஈட்டிய பொருளுக்கு மதிப்பில்லை என்பர். வேண்டா என்பார், ஓய்வுப் பொழுதில் இன்பம் நாடி வந்தவனைப் பிறன் இன்பத்திற்கு இரையாக்குதல் முறையன்று என்பர். இருதிறத்தாரும் இடரையும் காப்பையும் ஒன்றற்கொன்று மறுதலையெனக் கொண்டே பேசுகின்றனர். அக்கோள் பொருந்துமா என்பதை, ஐஸ்லாந்து நாட்டுச் சிசிபி நிறுவனம் 2003-ஆம் ஆண்டு மே திங்களில் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்னும் ஆட்டத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

ஆட்டமொன்று திறனாய்வுக்குரிய பொருளாமோ எனின், ஆம் என்க. நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சியகம் 2012-இல் தன் தொகுப்பிற்கெனத் தேர்ந்த 14 ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. செய்யுளுக்கு யாப்பு எத்தகையதோ, ஆட்டத்திற்கு விதி அத்தகையது. ஆகலின் அதன் விதிகளை நோக்கியே அதன் பொருளைக் காணல் வேண்டும்.

இவ்வாட்டத்தின் களம் நியூ ஈடன் என்னும் கற்பனைப் பேரண்டம். அது 7,000-க்கு மேற்பட்ட விண்மீன் மண்டலங்களை உடையது. ஒவ்வொரு மண்டலத்திற்கும் ஒரு காப்பெண் உண்டு. 1.0 முதல் 0.5 வரை உயர்காப்பு, 0.4 முதல் 0.1 வரை தாழ்காப்பு, 0.0-உம் அதற்குக் கீழ்ப்பட்டனவும் காப்பற்றவை. கலம் அழியின் அழிந்ததே. அதிலிருந்த பொருள்களுள் சில அழியும். எஞ்சியவற்றை எடுப்பார் எடுத்துச் செல்வர். கலத்தைச் செலுத்தியவன் மற்றோர் உடலில் மீண்டும் எழுவான். ஆயின் திங்கள் பல உழைத்துச் சேர்த்த பொருள் மீளாது. ஆட்டத்தில் நேரும் இழப்பு ஆடுவோனது வாழ்நாளின் ஒரு பகுதியையே கொண்டு செல்கின்றது என்பதே இவ்வினாவிற்கு உயிர்நிலை.

உயர்காப்பு மண்டலங்களில் கான்கார்ட் என்னும் காவற்படை உண்டு. முறையின்றித் தாக்கியவனது கலத்தை அப்படை தவறாது அழிக்கும். அதனிடமிருந்து சூழ்ச்சியால் தப்புதல் ஆட்டவிதிக்கே மாறானதென நிறுவனத்தாரால் விலக்கப்பட்டுள்ளது. ஆயினும் அப்படை தாக்குதலைத் தடுப்பதன்று. தாக்குதல் நிகழ்ந்த பின்னரே வருவது. காப்பெண் மிகுந்தவிடத்து விரைந்து வரும். குறைந்தவிடத்துச் சற்றே தாழ்த்து வரும். எனவே, காப்பெண் எனப்படுவது உண்மையில் காப்பினை அளப்பதன்று. ஒறுத்தலின் விரைவினை அளப்பதேயாம்.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் குடிகளைக் காத்தலையும் குற்றம் கடிதலையும் அரசன் தொழிலாக ஒருங்கு வைத்துக் கூறும். கான்கார்டு செய்வது இவற்றுள் பின்னதொன்றே. முன்னது ஆடுவோரிடமே விடப்பட்டுள்ளது. இப்பிரிவின் விளைவு யாது? விலை குறைந்த கலங்கள் பல ஒருங்கு திரண்டு, பெருஞ்சரக்கு ஏற்றிவரும் கலமொன்றைக் கான்கார்டு வருமுன் வீழ்த்துகின்றன. தாக்கியவை யாவும் அழிகின்றன. சிதறிய சரக்கை வேறொருவன் அள்ளிச் செல்கின்றான். இழந்த கலங்களின் விலையினும் கிடைத்த சரக்கின் விலை மிகுமாயின் அஃது ஊதியம். 2011-ஆம் ஆண்டின் இறுதி வரை, கான்கார்டால் அழிக்கப்பட்ட கலங்களுக்கும் காப்பீட்டுத் தொகை கிடைத்து வந்தது. அது நிறுத்தப்பட்ட பின்னும் இத்தொழில் ஒழியவில்லை. ஜிட்டா என்னும் பெருவணிக மண்டலத்தில் 2012-இல் கூன்ஸ்வாம் கூட்டத்தார் நிகழ்த்திய பெருந்தாக்குதல் இதற்குச் சான்று. தவறாது வரும் தண்டம் அச்சம் தருவதை விட்டு, முன்னரே கணக்கிடத்தக்க ஒரு விலையாகி விடுகின்றது.

இஃது ஆட்டத்தின் குறை என்பாரும் உளர். அது முற்றும் பொருந்தாது, என்னை? காவலுக்கும் ஒறுத்தலுக்கும் இடைப்பட்ட அவ்வெளியிலேதான் ஆடுவோனது அறிவு தொழிற்படுகின்றது. எவ்வளவு சரக்கு ஏற்றுவது, எவ்வழிச் செல்வது, யாரை முன்னோடும் ஒற்றனாக விடுப்பது என்பனவெல்லாம் அவன் ஆராய்ந்து துணிய வேண்டியவை. காவல் முழுமையும் விதியால் அளிக்கப்படின் துணைவர் வேண்டார். துணைவர் வேண்டாதவிடத்து நம்பிக்கைக்கும் இடமில்லை.

காப்பற்ற மண்டலங்களை நோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். அவற்றுட் பலவற்றில் ஆடுவோர் கூட்டங்களே அரசு நடத்துகின்றன. மண்டலத்துள் இருப்போர் பெயர்ப்பட்டியல் அனைவர்க்கும் தெரிவதால், அயலான் நுழைந்தவுடன் உழைப்போர் ஒதுங்கிக்கொள்வர். 2019 சூலையில் நிறுவனத்தார் இக்காப்பற்ற மண்டலங்களில் அப்பட்டியலை மறைத்தனர். செப்டம்பரில் மீண்டும் அளித்தனர். இடர் மிகின் போர் மிகும் என்பது எளிதில் தோன்றும் கருத்து. ஆயின் உழைப்போன் வாராதவிடத்து வேட்டுவனுக்கும் வேலையில்லை. இன்னும், 2014 சனவரியில் பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் 7,000-க்கு மேற்பட்டோர் பொருத பெரும்போரில், டைட்டன் எனும் பேருருக் கலங்கள் 75 அழிந்தன. அதற்குத் தோற்றுவாய் ஆட்சியுரிமைக் கட்டணம் உரிய காலத்திற் செலுத்தப்படாமையே. காப்பு என்பது ஒருகால் பெற்று வைத்துக்கொள்ளும் பொருளன்று, நாடோறும் செய்து வரவேண்டிய தொழில் என்பதனை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

2014-இல் வெளிவந்த எலைட் டேஞ்சரஸ் என்னும் ஆட்டம் வேறொரு நெறியை மேற்கொண்டது. அதில் ஆடுவோன் பிறருடன் பொதுவெளியிலோ, தான் தேர்ந்த குழுவுடனோ, தனித்தோ ஆடலாம். தனித்து ஆடுவோனை எவரும் தாக்கவியலாது. ஆயினும் அவன் செயலும் பொதுவெளியில் ஆடுவோன் செயலும் ஒரே பேரண்டத்தின் நிலையை மாற்றும். இசைவு என்னும் அறம் இங்கே காக்கப்படுகின்றது. ஆயின் தன் நாட்டின் நிலையைக் குலைப்பவன் எதிரே வாராதவனாயின், அவனைத் தடுத்து நிறுத்த வழியில்லை.

இவ்விரு நெறிகளின் வேறுபாட்டினை ஓர் ஒப்புமையால் விளக்கலாம். நிரை கவர்தலாகிய வெட்சியும் நிரை மீட்டலாகிய கரந்தையும் தொல்காப்பியனாரால் ஒரு திணையாகவே கொள்ளப்பட்டன. புறப்பொருள் வெண்பாமாலை அவற்றை இரு திணைகளாகப் பிரித்தது. இவற்றுள் ஒன்று மற்றொன்றைத் தழுவிற்று என்பது நம் கருத்தன்று. பாகுபாட்டின் தன்மை ஒன்றே ஈண்டுக் கொள்ளத்தக்கது. ஈவ் ஆட்டம் கவர்தலையும் காத்தலையும் ஒரு திணையாக வைக்கின்றது. எலைட் அவற்றைப் பிரித்து, வேண்டுவோர் வேண்டியதைக் கொள்க என்கின்றது.

ஈவ் ஆட்டத்தின்பால் குறையே இல்லையோ எனின், இரண்டு உள. ஒன்று, உயர்காப்பு என்னும் பெயர் புதியோனை மயக்குகின்றது. விதியை அறிந்து இடரை ஏற்பவன் வேறு. பெயரை நம்பிப் பொருளிழப்பவன் வேறு. பின்னவனுக்கு நேர்வது போர் அன்று, ஏமாற்றமேயாம். மற்றொன்று, கட்டணம் செலுத்தி ஒருவரே பல கணக்குகள் வைத்து ஆடலாம் என்பது. கொல்லும் பெயர் ஒன்றும் வாணிகஞ் செய்யும் பெயர் பிறிதொன்றுமாக ஒருவரே இயங்கும்போது, தண்டம் பெயரைச் சேர்கின்றதேயன்றிச் செய்தவனைச் சேர்வதில்லை. பழி தொடராத ஒறுத்தல் முறையன்று.

எனவே, இவ்வாட்டத்தின் சிறப்பு தாக்குதலை இசைந்தமையில் இல்லை. காவலை மாந்தர் தம்முள் கூடிச் செய்துகொள்ளும் தொழிலாக்கியமையிலேயே உள்ளது. இனி வரும் ஆட்டங்கள் அச்சிறப்பினைப் போற்றக் கருதின், இடரைக் குறைக்கவோ கூட்டவோ முற்படுதற்கு முன், இடரின் உண்மையளவைப் புதியோனுக்குத் தெளியக் காட்டுதலும், செய்த வினை செய்தானையே சென்று சேருமாறு விதியமைத்தலும் வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் முடிபாகும்.