நடுத்தீர்வையும் நடுச்சுவரும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் குடைவரை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்காமல் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இதைச் செய்வித்ததாக 7ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. அழியக்கூடியதை விலக்கிக் குடைவித்த மன்னனின் நம்பிக்கை அது. இதே வட்டாரத்து மாதா கோயில்களில் கேட்கும் போதனை வேறு: பாறையும் ஒருநாள் இல்லாமல் போகும், மனிதன் செய்ததும் செய்யாமல் விட்டதும் மட்டும் விசாரணைக்கு வரும்.

பழைய கத்தோலிக்கத் தமிழில் அந்த விசாரணைக்கு நடுத்தீர்வை என்று பெயர். சீர்திருத்த சபையார் நியாயத்தீர்ப்பு என்பார்கள். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். வள்ளுவர் அதிகாரமாகவே வைத்த நடுவுநிலைமையின் ‘நடு’ அதில் இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ எழுதி மறுபிறப்பை மறுத்தார். வெறும் தத்துவ வாதமாக இதைத் தள்ளிவிட முடியாது. முற்பிறவி இல்லையென்றால், சேரியில் பிறந்தது எந்தப் பாவத்தின் தண்டனையும் அல்ல. தீர்ப்பு வாழ்க்கையின் முடிவில்தான், தொட்டிலில் அல்ல. 1876–78 பஞ்சத்தை ஒட்டி, செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டைச் சுற்றித் மறைப்பணியாளர் தாராஸ் சுவாமியிடம் திருமுழுக்குப் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. கஞ்சி கொடுத்ததே அந்தப் போதனையின் சாரம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் நடுவர் கேட்பது பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதைத்தான். என்ன சாதி என்ற கேள்வி அங்கே வரவில்லை. வேதம் எத்தனை முறை படித்தாய் என்பதும்கூட.

இந்தப் போதனையின் பலம் இதுதான். பண்ணையாரின் கணக்கும் கூலியாளின் கணக்கும் ஒரே மேசைக்கு வரும் என்று அது சொல்கிறது. இங்கே மூடிய வழக்கு அங்கே திறக்கும் என்பது வழக்கு மன்றத்தின் படியே ஏறமுடியாதவனுக்குச் சிறிய ஆறுதல் அல்ல.

ஆனால் அதே ஆறுதல்தான் ஓட்டையும். அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றால், இங்கே பார்க்காமல் விடலாம். நொபிலியே சாதி வழக்கத்துக்கு இடம் கொடுத்தவர். மதுரை மிஷனில் பின்னர் தாழ்த்தப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் என்ற குருக்கள் தனியே ஏற்பட்டார்கள். பிறப்பின் மீதிருந்த தீர்ப்பை ஏட்டில் நீக்கிய கை, தெருவில் அதை அப்படியே விட்டுவைத்தது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்குத்தளம் கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கரோடு மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். மோதிய இரு தரப்பும் ஞாயிறுதோறும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவர்கள்.

இன்னொரு குறை அச்சத்தை விற்பது. நிலநடுக்கம், போர், கொள்ளைநோய் எது வந்தாலும் இதோ கடைசிக்காலம் என்று சுவரொட்டி ஒட்டுகிற ஊழியர்களைப் பார்க்கிறோம். அந்த நாளும் நாழிகையும் தமக்கே தெரியாது என்று இயேசுவே சொன்னதாக மாற்கு எழுதியிருக்க, இவர்களுக்கு எப்படித் தெரிந்ததோ! நாள் குறிப்பவர்களிடம் சோறு, சிறை என்ற அந்த இரண்டு கேள்விகள் பெரும்பாலும் காணாமல் போய்விடுகின்றன. மிஞ்சுவது அந்திக்கிறிஸ்துவும் 666உம்.

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள். ஒரு பக்கம் தலித்துகள், மறுபக்கம் மற்றவர்கள். உயிர்த்தெழும் நம்பிக்கையோடுதான் இரு பக்கமும் புதைத்தார்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2இல் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இரு பக்கமும்தான். நடுத்தீர்வை நாளில் எக்காளம் ஊதும்போது எந்த வாசல் வழியாக எழுந்து வருவது என்று அந்தச் சுவரைக் கட்டியவர்கள் யோசித்திருப்பார்களா?