மணிமேகலை: தொடர் காப்பியத்தின் நிறையும் குறையும்

சிலப்பதிகாரக் கதையின் தொடர்ச்சியாய்ச் சாத்தனார் யாத்தது மணிமேகலை. முன்னூலின் புகழ் பின்னூலுக்குத் துணையுமாகும், சுமையுமாகும். அதன் 30 காதைகளையும் ஒருசேர நோக்குவார்க்கு நிறையும் குறையும் தெளிவாகப் புலப்படும்.

பசிப்பிணியைக் காப்பியப் பொருளாக்கியமையே இந்நூலின் தலைசிறந்த நிறை. அமுதசுரபி ஏந்திய மாதவி மகள், மன்னனிடம் வேண்டிப் புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகின்றாள். 1906இல் கட்டி முடிக்கப்பெற்ற செல்லுலார் சிறையின் வளாகத்தில் 1963இல் மருத்துவமனை எழுந்தது. அதனை அறிந்த போர்ட் பிளேர்த் தமிழர்க்கு இக்காதையின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

குறைகளும் உள. இறுதிக் காதைகளில் அளவை நூலும் சமய வாதமும் கதையை விழுங்கிவிடுகின்றன. இடர் நேருந்தோறும் மந்திரமும் வேற்றுருவும் வந்து உதவுகின்றன. கண்ணகி தன் வழக்கைத் தானே உரைத்தாள். மணிமேகலையோ வஞ்சியிலும் காஞ்சியிலும் பிறர் உரைப்பதைக் கேட்டே அமைகின்றாள்.

தீவில் வாழும் நாம் தனித்து நோக்க வேண்டுவது சாதுவன் கதை. கலம் உடைந்து, ஒடிமரம் பற்றி, நாகர் மலையை அடைந்தவனை உயிர் பிழைப்பித்தது அவர்தம் மொழியை அவன் அறிந்திருந்தமையே. மொழியறிவின் மாட்சியை இவ்வாறு காட்டிய சாத்தனார், நாகரை மனித ஊன் உண்பாராகவே படைத்தார். வந்தவன் அறம் உரைக்கின்றான், அந்நிலத்தார் கேட்கின்றனர். அவர்பால் அவன் கற்றது யாதென நூல் கூறவில்லை. காப்பியத்தின் அருள் இங்கு ஒருபுறமே பாய்கின்றது.

நமக்கு முன்னரே இத்தீவுகளில் வாழ்ந்த தொல்குடிகளை எண்ணுங்கால், சாதுவனின் மொழித்திறத்தை நாம் போற்றுவோம். அவன் கேளாது விட்டதைக் கேட்கவும் கற்போம்.