கிளட்ச் வயரில் கொஞ்சம் லூஸ்

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு பைக்கில் போனவர்களுக்கு இடது கை வலி தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்துக்கு வண்டிகள் ஊர்ந்துதான் போகும். நேர்ச்சைக்காரரும் பொங்கல் பானைக்காரரும் குறுக்கே வர, கிளட்சைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு நகர வேண்டும். வயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

லீவரை அமுக்கினால் உடனே வயர் இழுபடக் கூடாது. முதலில் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் இந்த லூஸ் லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர். அது இல்லாமல் டைட்டாக வைத்தால், விட்ட பிறகும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. பிளேட் வழுக்கித் தேயும், மேட்டில் எஞ்சின்தான் கத்தும், வண்டி ஏறாது. ரொம்ப லூஸ் என்றால் கிளட்ச் முழுசாக விடாது. கியர் முரண்டு பிடிக்கும், நியூட்ரல் விழாது.

எனக்குப் பிடித்த நுட்பம் இன்னொன்று. வயர் நீண்டால் லூஸ் கூடும். பிளேட் தேய்ந்தால் லூஸ் குறையும். அதனால் ஒரு முறை வைத்ததோடு விட முடியாது. சின்ன மாற்றத்துக்கு லீவர் பக்கத்துத் திருகு, பெரிசுக்கு எஞ்சின் பக்கத்து நட்டு. சாத்தூர்ப் பக்கத்து மெக்கானிக்குகள் அளவுகோல் எடுப்பதில்லை. இரண்டு விரலால் லீவரை ஆட்டி, அரைச் சுற்று திருகி, லாக் நட்டை இறுக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி மறுபடி ஆட்டிப் பார்ப்பார்கள்.