கையேந்தும் இலக்கியம்

தொழுகை, துஆ, முனாஜாத்து என்னும் மூன்று சொற்களும் நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்குவன. தொழுகைக்கு நேரமும் நிலையும் ஓதலும் வரையறுக்கப்பட்டுள்ளன. துஆ என்றால் அழைப்பு. அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. முனாஜாத்து என்பதற்கோ அந்தரங்கமாக உரையாடுதல் என்று பொருள். அடியான் ஒருவன் தன் இறைவனோடு தனித்திருந்து மெல்லப் பேசும் பேச்சு அது. இந்தப் பேச்சையே பாட்டாக்கி, அரபுப் பெயரையும் விடாமல், ஓர் இலக்கிய வகையாகத் தமிழுக்குத் தந்தவர்கள் நம் புலவர்கள். கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் ஆகியவற்றோடு முனாஜாத்தும் தமிழுக்கு இஸ்லாமியர் அளித்த கொடையாகும். கடல் கடந்து சென்ற நம் மக்கள் இதனையும் உடன்கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் அச்சேறி இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று, 1872-இல் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’ என்பது எண்ணி மகிழத்தக்கது.

இலக்கிய வரலாறு எழுதுவோர் முனாஜாத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டு அடுத்த வகைக்குச் சென்றுவிடுகின்றனர். எது நல்ல முனாஜாத்து, எது வெறும் யாப்பு என்று நிறுத்துப் பார்க்கும் பணி நம்மிடையே அருகியே நடந்துள்ளது. பக்திப் பாடலைத் திறனாய்வு செய்வது பணிவுக் குறைவு என்ற அச்சம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் இறைவனிடம் எவ்வாறு கேட்பது என்பதற்கு அவனுடைய மறையே அளவுகோல் தந்திருக்கும்போது, அந்த அளவுகோலைக் கையில் எடுப்பது பணிவே ஆகும்.

திருக்குர்ஆனில் நபிமார்களின் துஆக்களைக் கவனித்துப் படிப்போருக்கு முதலில் புலப்படுவது அவற்றின் சொற்சுருக்கம். மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் இரு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிவிட்டு, வீடும் உணவும் துணையும் அற்றவராய் நிழலில் ஒதுங்குகிறார்கள். இறைவன் அருளும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவர் என்று மட்டுமே மொழிகிறார்கள் (28:24). இன்னது வேண்டும் என்ற சொல் அதில் இல்லை. அய்யூப் (அலை) அவர்கள் தம்மைத் துன்பம் தீண்டியதைச் சொல்லி, இறைவனின் பேரருளை நினைவுகூர்ந்து நிறுத்திக்கொள்கிறார்கள் (21:83). நோயைப் போக்கு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. மீன் வயிற்றின் இருளில் யூனுஸ் (அலை) அவர்கள் கூறியதில் வேண்டுதலே இல்லை. இறைவனின் ஏகத்துவமும் தூய்மையும், தம் தவற்றை ஏற்கும் ஒப்புதலுமே உள்ளன (21:87). முதுமையில் ஒரு வாரிசை வேண்டிய ஸக்கரிய்யா (அலை) அவர்கள் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். ஆயினும் அதற்கு முன் தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் எடுத்துரைக்கிறார்கள். அந்த அழைப்பு தாழ்ந்த குரலில் அமைந்தது என்றும் மறை குறிப்பிடுகிறது (19:3-6).

இந்நான்கிலும் ஒரே நெறி ஓடுகிறது. கேட்பவர் தம் நிலையை உள்ளவாறு சொல்கிறார். இறைவனின் தன்மையை நினைக்கிறார். எஞ்சியதை அவனிடம் விட்டுவிடுகிறார். நெறியைக் கற்பிக்கும் வசனமும் இதற்கு இசைந்தே அமைந்துள்ளது. நோன்பின் சட்டங்களுக்கு நடுவே, தான் அருகில் இருப்பதாகவும் அழைப்போரின் அழைப்புக்கு விடையளிப்பதாகவும் இறைவன் அறிவிக்கின்றான் (2:186). பிறை பற்றியும் மது பற்றியும் மக்கள் கேட்டபோதெல்லாம் ‘நபியே, நீர் கூறுவீராக’ என்ற கட்டளையோடு விடை வருகிறது. இந்த ஓர் இடத்தில் அந்தக் கட்டளை இல்லை. அடியாருக்கு அவனே நேரே விடை சொல்கின்றான். விரிவுரையாளர்கள் சுட்டியுள்ள இந்நுட்பம் முனாஜாத்தின் இலக்கணத்தையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

ஐவேளைக் கடமைத் தொழுகையின் 17 ரக்அத்துகளிலும் நாம் ஓதும் ஃபாத்திஹா அத்தியாயம் இன்னோர் இயல்பைக் கற்பிக்கிறது. ஏழு வசனங்களில் முற்பகுதி புகழ். நடுவில் வணக்கமும் உதவி தேடலும். முடிவில் ஒரே வேண்டுகோள். அந்த வேண்டுகோளும் ‘எனக்கு’ என்று இல்லாமல் ‘எங்களுக்கு’ என்றே வருகிறது. தனி அறையில் ஒரு மூதாட்டி ஓதினாலும் அவர் ஊருக்கும் உலகுக்கும் சேர்த்தே கேட்கிறார்.

இனி, இவ்வளவுகோலைக் கொண்டு நம் முனாஜாத்துகளை நோக்குவோம். இங்கே ஒரு தடை எழும். துஆவில் எதுகை நடையைத் தவிர்க்குமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவருக்கு அறிவுரை கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் ‘இஹ்யா’வின் ஒன்பதாம் நூலில் துஆவின் ஒழுக்கங்கள் பத்தினைக் கூறுமிடத்து, வலிந்து எதுகை தேடுதல் கூடாது என்கிறார்கள். அவ்வாறாயின் எதுகையும் மோனையும் இன்றி அமையாத தமிழ்ப் பாவில் துஆ அமைவது பிழையாகாதா?

கஸ்ஸாலி இமாமின் சொல்லிலேயே விடையும் உள்ளது. நபிகளார் (ஸல்) அவர்களின் துஆக்களிலும் ஒத்திசைந்த சொற்கள் உண்டு. அவை வலிந்து தேடியவை அல்ல. எனவே விலக்கப்பட்டது ஓசையன்று, செயற்கையே. பணிவு சொல்லைத் தேடுகிறதா, சொல் பணிவைத் தின்றுவிடுகிறதா என்பதே வினா. குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் பராபரக்கண்ணி இத்தேர்வில் வெல்கிறது. தாயுமானவர் கையாண்ட இரண்டடிக் கண்ணியையே அவரும் எடுத்துக்கொண்டார். அடி சிறிது, ஆதலால் அணிகளை அடுக்க இடமில்லை. ஒவ்வொரு கண்ணியும் இறைவனை விளித்தே முடிவதால், எது சொன்னாலும் அது அவனிடம் போய்ச் சேர்ந்தே ஓய்கிறது. கேட்பவனின் ஏக்கம் நம் காதில் விழுகிறது. புலவனின் திறமை பின்னரே நினைவுக்கு வருகிறது.

எல்லா முனாஜாத்துகளுக்கும் இப்பாராட்டு பொருந்தாது. அடைமொழிகளை அடுக்கி, அரபுச் சொற்களை ஓசைக்காகவே கொட்டி, நான்காம் அடியில் மட்டும் ‘அருள்வாய்’ என்று ஒட்டவைத்த பாடல்களும் நம்மிடையே உண்டு. அவற்றில் பாடுபவரின் நிலை என்னவென்றே தெரியவில்லை. அவருக்குக் கடனா, நோயா, பிள்ளையின்மையா, பாவத்தின் அச்சமா? தன் நிலையைச் சொல்லாத மனு எதற்கு விண்ணப்பம்? மத்யன் நிழலில் எழுந்த அந்த ஒரு வரிக்கு முன் இத்தகைய நூறு விருத்தங்கள் நிறை குறைந்தே நிற்கும்.

நபிகளார் மீதும், முஹ்யித்தீன் ஆண்டகை, நாகூர் நாயகம் போன்ற இறைநேசர்கள் மீதும் பாடப்பெற்ற முனாஜாத்துகள் பல. இவற்றைக் குறித்து நம் ஊர்களில் நெடுங்காலமாக வழக்கு நடக்கிறது. ஒரே வீட்டில் தந்தையும் மகனும் பிரிந்து நிற்பதும் உண்டு. மார்க்கத் தீர்ப்பு ஆலிம் பெருமக்களுக்கு உரியது. திறனாய்வாளன் சொல்லக்கூடியது ஒன்றே: அத்தகைய பாடல் ஒவ்வொன்றிலும் விளி யாரை நோக்கியது, வேண்டுகோள் யாரை நோக்கியது என்பதைப் பிரித்துப் படிக்க வேண்டும். நேசரைப் புகழ்ந்து இறைவனிடம் கேட்கும் பாடலும், கேட்பதையே நேசரிடம் வைக்கும் பாடலும் ஒன்றல்ல. படிக்காமலே தூற்றுவோரும் படிக்காமலே போற்றுவோரும் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

இவ்வளவும் பழைய ஏடுகளின் கதை. இன்று நம் வீடுகளில் முனாஜாத்தின் இடத்தைப் பெற்றிருப்பவை சிறு துஆப் புத்தகங்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் வீட்டை விட்டுப் புறப்படும்போதும் ஓத வேண்டியவற்றை அவை திரட்டித் தருகின்றன. அந்த அளவில் அவற்றுக்கு நன்றி உரியது. குறைகளும் சொல்லப்பட வேண்டும். முதற்குறை எழுத்து. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபுத்தமிழில் எழுதிய காலத்தில் தமிழ்ப் பேச்சும் அரபு உச்சரிப்பும் ஒரே எழுத்தில் காப்புப் பெற்றிருந்தன. அந்த எழுத்தை நாம் கைவிட்டோம். அரபு துஆவைத் தமிழ் எழுத்தில் அச்சிடத் தொடங்கினோம். அரபியில் ‘காஃப்’ என்னும் ஒலி இருவகை. ஒன்றைக் கொண்டால் ‘கல்பு’ இதயம். மற்றதைக் கொண்டால் அதே ‘கல்பு’ நாய். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. பொருளும் தெரியாமல், ஒலியும் திருந்தாமல் ஓதும் நிலைக்கு ஒரு தலைமுறையைக் கொண்டுவந்துவிட்டோம்.

இரண்டாம் குறை இதனினும் பெரிது. இத்தனை முறை ஓதினால் கடன் தீரும், இத்தனை நாள் ஓதினால் பகை ஒழியும் என்று, மூலம் எதுவும் காட்டாமல், மருந்துச் சீட்டு எழுதும் புத்தகங்கள் சில. துஆ அங்கே உரையாடலாக இல்லை. விலை கொடுத்துப் பொருள் வாங்கும் பேரமாகிவிடுகிறது. பேரத்தில் பொருள் வராவிடில் வாங்கியவன் சினம் கொள்வான். ‘கேட்டேன், கிடைக்கவில்லை’ என்று அவசரப்படாத வரை அடியானின் துஆ ஏற்கப்படும் என்ற கருத்துடைய நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. எண்ணிக்கையை நம்ப வைத்த புத்தகமே அந்த அவசரத்தை விதைக்கிறது.

இஸ்திகாரா இதற்குத் தக்க சான்று. ஒருவர் ஒரு காரியத்தை நாடினால் இரண்டு ரக்அத் தொழுது ஓதும்படி, குர்ஆன் அத்தியாயத்தைக் கற்பிப்பது போல, நபிகளார் (ஸல்) அவர்கள் கற்பித்த துஆ அது என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இக்காரியம் என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நன்மையாயின் அதனை எளிதாக்கு. தீமையாயின் என்னைவிட்டு அதனையும் அதனைவிட்டு என்னையும் திருப்பு. நன்மை எங்கிருப்பினும் அதனைத் தந்து, அதில் என்னை மனநிறைவு கொள்ளச் செய் என்பது அதன் சாரம். கனவு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் மகளுக்கு வரன் வந்தால் நம் குடும்பங்களில் நடப்பது என்ன? வேறொருவரிடம் சொல்லி இஸ்திகாரா பார்க்கச் செய்து, அவர் கண்ட கனவின் நிறத்தைக் கேட்டு முடிவெடுக்கிறோம். வாழப்போகும் பெண்ணின் நாவுக்கு உரிய துஆ அவள் நாவுக்கு எட்டவே இல்லை. தன் அறியாமையை ஒப்புக்கொண்டு, பிறகு துணிந்து நடக்கக் கற்பிக்கும் ஒரு துஆவைக் குறிகேட்கும் வழக்கமாக்கியது பெரும் இழப்பாகும்.

துஆ உழைப்பையும் ஒழுக்கத்தையும் விட்டு விலகியதும் அன்று. நெடும்பயணத்தால் தலை கலைந்து, புழுதி படிந்து, வானோக்கிக் கையேந்தி இறைவனை அழைக்கும் ஒருவரை நபிகளார் (ஸல்) குறிப்பிட்டார்கள். அவர் உண்பதும் பருகுவதும் உடுப்பதும் ஹராமாயின் எவ்வாறு ஏற்கப்படும் என்று வினவினார்கள். முஸ்லிமில் உள்ள இந்நபிமொழி, ஏந்திய கையைப் பார்க்குமுன் அக்கை ஈட்டியதைப் பார்க்கச் சொல்கிறது. விதி இருக்கத் துஆ எதற்கு என்பார்க்கும் கஸ்ஸாலி இமாம் விடை தந்துள்ளார்கள். அம்பைக் கேடயம் தடுப்பது போலவும், நீர் பயிரை முளைப்பிப்பது போலவும், துஆவும் விதிக்குள் வைக்கப்பட்ட ஒரு காரணமே. கேடயம் ஏந்துவது விதியை மறுப்பதாகாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. குழந்தைக்கு ஒரு துஆவைக் கற்பிக்கும்போது அதன் பொருளையும் அதே வேளையில் தமிழில் சொல்லிக் கொடுப்போம். தொழுகை முடிந்தபின் நம் தேவைகளை நம் மொழியிலேயே கேட்க எந்தத் தடையும் இல்லை என்பதை வீட்டிலுள்ளோர்க்கு அறிவிப்போம். இமாம் கேட்கும் துஆவுக்கு ஆமீன் கூறுமுன் எதற்கு ஆமீன் என்பதை அறிந்துகொள்வோம். செருப்பின் வார் அறுந்தாலும் இறைவனிடம் கேட்கச் சொல்லும் நபிமொழி திர்மிதியில் உண்டு; அவ்வளவு எளிய தேவையை அவ்வளவு எளிய சொல்லில் கேட்கும் வாய்க்கே முனாஜாத்து மீண்டும் பிறக்கும். நம் புலவர்கள் தமிழில் கையேந்தியது வீண்போகாதிருக்க வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன்.