காற்றாடையும் மெய்ப்பாடும்

உள்ளத்து நிகழும் உணர்வு உடலிற் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர் தமிழ் நூலார். உடலின் குறிகளை ஏற்று, காற்றால் விரிந்தும் சுருங்கியும் உணர்வைப் புறத்தே காட்டும் ஆடைகளை இக்காலக் கலைஞர் சிலர் ஆக்கியுள்ளனர். காற்றுப்பை, அதனை நிரப்பும் சிறு பம்பு, காற்றை வெளிவிடும் வால்வு, நாடித்துடிப்பையோ வியர்வையையோ அளக்கும் உணர்கருவி ஆகியன இவற்றின் உறுப்புக்கள். இக்காற்றாடைகள் உணர்வை உள்ளவாறு காட்டுகின்றனவா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வியன்னா நகரில் 1968ஆம் ஆண்டில் தோன்றிய கோப் ஹிம்மெல்பிளவ் என்னும் கட்டடக் கலைஞர் குழுவினரை இத்துறையின் முன்னோடிகளுள் வைத்து எண்ணலாம். அவர்கள் 1969ஆம் ஆண்டில் அமைத்த வெள்ளை உடை, தலைக்கவசமும் காற்றடைத்த மேலங்கியும் கொண்டது. கவசத்தினுள் ஒளியும் ஒலியும் தோன்ற, அங்கி தொட்டுணர்வினைத் தந்தது. அதே ஆண்டில் அவர்கள் படைத்த ஆஸ்ட்ரோபலூன் ஆடையன்று. காற்றால் அமைந்த கூடம். எனினும், அது இதயத் துடிப்பை ஒளியாக்கிக் காட்டியமையின் இவ்வாராய்ச்சிக்கு உரியதே. முன்னது புறத்தை உடலுக்கு உணர்த்துவது. பின்னது உடலைப் புறத்தார்க்கு உணர்த்துவது.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன் பற்றிப் பிறக்கும் என்றார். விலங்கும் கள்வரும் அச்சத்தின் களன்களுட் சில. செல்வமும் விளையாட்டும் உவகையின் களன்களுட் சில. அச்சத்திலும் நெஞ்சு விரைந்து துடிக்கும். உவகையிலும் அவ்வாறே துடிக்கும். துடிப்பின் விரைவு கிளர்ச்சியின் அளவைக் காட்டுமேயன்றி அதன் வகையைக் காட்டாது. வியர்வையும் இத்தகையதே. ஆதலின், களன் அறியப்படாத குறி குறைபட்ட மெய்ப்பாடேயாம்.

இக்குறையால் விளையும் தீங்கினை அகப்பாடல்கள் நன்கு உணர்த்துகின்றன. தலைவியின் தோள் மெலிய, வளை நெகிழ்கின்றது. தோழியும் அதனைக் காண்கின்றாள்; தாயும் காண்கின்றாள். களவொழுக்கம் அறிந்த தோழிக்குக் காரணம் விளங்குகின்றது. அறியாத தாயோ, முருகன் அணங்கினான் எனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கின்றாள். குறி ஒன்றே, பொருள் இரண்டாயிற்று. உணர்கருவி பொருத்திய ஆடை தாயின் நிலையில் நிற்பது. மேலும், நெகிழ்ந்த வளையை மறைக்கத் தலைவிக்கு ஓரளவேனும் இடமுண்டு. பலர் காண விரிந்த ஆடையை மறைத்தல் அரிது.

கேட் ஹார்ட்மன் என்னும் கலைஞர் 2011ஆம் ஆண்டில் டெட் மேடையில் விளக்கிய காற்றிதயம் வேறு நெறியினது. அணிந்தவரே தம் உணர்வுக்கு ஏற்ப அதனிற் காற்றை ஏற்றுவர், இறக்குவர். இதில் பொய்த்தற்கு இடமுண்டே எனின், உண்டு. பேச்சிலும் அஃது உண்டு. தானே தோன்றாது அணிந்தவர் கருத்தால் தோன்றுதலின், இதனை மெய்ப்பாடு என்பதினும் கூற்று எனல் பொருந்தும். கண்டவர் காரணம் வினவலாம்; அணிந்தவர் விடை கூறலாம்; கூறாது அடக்கலும் ஆம்.

எனவே, காற்றாடையை மதிப்பிடுவோர் அதன் அளவை நுட்பத்தை மட்டும் நோக்கி அமைதல் ஆகாது. அணிந்தவர்க்கு உணர்வைக் கூறும் உரிமையோடு மறைக்கும் உரிமையும் எஞ்சுகின்றதா என நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், கருவி நுட்பத்தில் எளியதாகிய காற்றிதயமே இவற்றுட் சிறந்த படைப்பு எனத் துணியலாம்.